நகையும் ஊர்தியும்: சோவியத்து நகைச்சுவைப் படங்களில் மகிழுந்து

மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியர் எட்டனுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் அதற்கு நிலைக்களன்களாகச் சொன்னார். இந்நான்கும் மாந்தரின் இயல்புகள். ஆயினும் அவை புறத்தே வெளிப்படுவதற்குப் பல நேரங்களில் ஒரு பொருள் துணையாக வேண்டியிருக்கிறது. கைக்கு ஒரு பொருள் வந்து சேர்ந்த பிறகுதான் ஒருவருடைய பேதைமையும் அவரைப் பார்ப்போருடைய எள்ளலும் வெளிச்சத்துக்கு வருகின்றன. குடை, பல்லக்கு, பொற்சங்கிலி, மாடிவீடு என்று அப்பொருள் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் சோவியத்து ஒன்றியத்தின் நகைச்சுவைப் படங்களில் அப்பொருள் மகிழுந்தாக இருந்தது.

உருசிய இலக்கியம் நமக்குப் புதிதன்று. டால்ஸ்டாயும் செகாவும் கார்க்கியும் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளின் வழியே நம் இல்லங்களுக்கு வந்தனர். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்கள் அந்நாட்டின் அணைகளையும் ஆலைகளையும் காட்டின. ஆனால் அம்மக்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பது நமக்கு அவ்வளவாக வந்து சேரவில்லை. ஒரு சமுதாயத்தை அதன் சிரிப்பைக் கொண்டு அறிவதும் வரலாற்றை அறியும் ஒரு வழியே ஆகும். 1960 முதல் 1980 வரையிலான இருபதாண்டுகளில் அங்கு எழுந்த நகைச்சுவைப் படங்கள் சிலவற்றை, அவற்றில் ஓடிய வண்டிகளை முன்னிறுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம். "இந்த வண்டி உனக்கு எவ்வாறு வந்தது?" என்னும் ஒரே வினாவை அப்படங்கள் பல வடிவங்களில் கேட்டன. மேடையிலும் செய்தித்தாளிலும் எளிதில் கேட்க இயலாத அவ்வினாவை நகைச்சுவை கேட்டது என்பதே இங்கு நாம் காணப்போவது.

பெயர்களும் பின்புலமும்

1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, வோல்கா ஆற்றங்கரையில் உள்ள நீஷ்னி நோவ்கொரத் நகரில் ஒரு பெரும் ஊர்தி ஆலை எழுந்தது. 1932இல் உற்பத்தி தொடங்கியது. அதே ஆண்டில் அந்நகர், அங்குப் பிறந்த மக்சீம் கார்க்கியின் பெயரைப் பெற்றது. ஆதலால் ஆலையும் 'கார்க்கி ஊர்தித் தொழிற்சாலை' ஆயிற்று. அதன் உருசியப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்த 'காஸ்' என்னும் சொல் அங்குச் செய்யப்பட்ட வண்டிகளுக்கு முன்னொட்டாக அமைந்தது. 'தாய்' நாவலின் ஆசிரியர் பெயரைச் சுமந்தபடியே அவ்வண்டிகள் நாடெங்கும் ஓடின என்பது இலக்கிய வட்டத்தாருக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 1990இல் நகர் தன் பழைய பெயருக்குத் திரும்பியது. ஆலையின் பெயரில் கார்க்கி நிலைத்துவிட்டார்.

வண்டிகளுக்கு இட்ட பெயர்களும் கருதத்தக்கவை. போர் முடிந்த மறு ஆண்டான 1946 முதல் 1958 வரை செய்யப்பட்ட வண்டிக்குப் 'பபேதா' என்று பெயர்; வெற்றி என்பது அதன் பொருள். அதற்கு அடுத்து 1956இல் வந்த காஸ்-21, ஆற்றின் பெயரால் 'வோல்கா' ஆயிற்று. அதன் முன்மூடியின்மேல் பாயும் மான் ஒன்றின் உருவம் இருந்தது. அம்மான் அந்நகரின் பழைய இலச்சினையிலிருந்து வந்தது. 'மஸ்க்விச்' என்றால் மாஸ்கோக்காரன். 'ஜபரோஷெத்ஸ்' என்றால் ஜபரோஷியே ஊரான். 'ஷிகுலி' என்பது வோல்காவின் கரையில் உள்ள குன்றுகளின் பெயர். ஆறும் மலையும் ஊரும் வெற்றியும் சாலையில் உருண்டோடின. பெயர் சூட்டியவர்களிடம் கவியுள்ளம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

பெயர் எல்லாருக்கும் பொதுவாயிற்று. வண்டி அவ்வாறு ஆகவில்லை. நகைச்சுவை பிறந்த இடைவெளி இதுதான்.

1931இல் இல்ஃப், பெத்ரோவ் என்னும் இரட்டை ஆசிரியர்கள் எழுதிய 'பொற்கன்று' என்னும் அங்கத நாவலில் ஒரு வண்டி வருகிறது. இன்ன நிறுவனத்தின் வண்டி என்று உறுதியாகச் சொல்ல இயலாத அளவுக்குப் பழுதுற்ற அதற்கு ஒரு மானினத்தின் பெயர் சூட்டப்படுகிறது. மோட்டார் ஓட்டப் பந்தயம் ஒன்றின் முன்னணி வண்டி தங்களுடையதே என்று ஊர் ஊராகச் சொல்லி, அவ்வண்டியில் செல்லும் எத்தர்கள் வரவேற்பு பெறுகிறார்கள். இந்நாவலை மிகயீல் ஷ்வைத்ஸர் 1968இல் திரைப்படமாக்கினார். 1940இல் கிரிகோரி அலெக்சாந்திரவ் எடுத்த 'ஒளிமிகு பாதை' என்னும் இசை நகைச்சுவைப் படத்திலோ, நெசவாலைத் தொழிலாளியாக உயர்ந்த நாயகி திறந்த மகிழுந்து ஒன்றில் மாஸ்கோவின் வானத்திலும் மலைகளின் மேலும் பறக்கிறாள். ஒன்றில் வண்டி ஓட்டை உடைசல், மற்றொன்றில் கனவு. இரண்டிலும் ஓர் எளிய குடிமகன் காசு கொடுத்து வாங்கித் தன் வீட்டு வாயிலில் நிறுத்தும் வண்டி இல்லை. அப்படிப்பட்ட வண்டி போருக்குப் பிறகே மெல்ல மெல்ல வந்தது.

அது வந்தபோது ஒரு கொள்கைச் சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. 1936ஆம் ஆண்டின் சோவியத்து அரசமைப்புச் சட்டம் தொழிலையும் நிலத்தையும் தனியார் உடைமையாக ஏற்கவில்லை. ஆயினும் உழைத்து ஈட்டிய வருவாய், வீடு, வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றைக் குடிமக்களின் சொந்தப் பயன்பாட்டுக்குரிய உடைமை என ஏற்றுக் காத்தது. மகிழுந்து இவ்வகையில் அடங்கியது. ஆக, ஒரு குடிமகன் வைத்துக்கொள்ளத்தக்க பொருள்களில் மிகப் பெரியனவற்றுள் அது ஒன்று. நிக்கித்தா குருஷ்சேவ் இதனை விரும்பவில்லை. ஆளுக்கொரு வண்டி என்பது முதலாளிய நாடுகளின் வழி. நாம் வாடகை வண்டிகளைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்துவோம் என்னும் கருத்தை அவர் 1959இல் வெளிப்படையாகவே கூறினார்.

1960களின் நடுவில் ஒரு வோல்காவின் விலை 5,500 ரூபிளுக்கு மேல். சராசரி மாதச் சம்பளமோ ஏறத்தாழ 100 ரூபிள். பணம் சேர்த்தாலும் போதாது. பணியிடத்தில் பெயர் பதிந்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து வாங்கியவர் தெருவில் வண்டியை நிறுத்தும்போது மழைத்துடைப்பானைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வார். விட்டுச் சென்றால் களவு போகும். இத்தகைய நிலையில், நேர்மையான சம்பளம் வாங்கும் ஒருவர் இளமையிலேயே வோல்காவில் வந்து இறங்கினால் அண்டை வீட்டார் மனத்தில் முதலில் எழும் வினா எதுவாக இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரையில் இரு வண்டிகள்

அவ்வினா முதலில் இளமையின் சிரிப்பாகவே எழுந்தது. 1963இல் வெளிவந்த 'மூன்றும் இரண்டும்' என்னும் படம் செர்கேய் மிகால்கோவின் நாடகத்தை அடியொற்றியது. கென்ரிக் அகனிஸ்யான் இயக்கியது. கருங்கடற் கரையில் விடுமுறையைக் கழிக்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஒருவர் இயற்பியலாளர், ஒருவர் அரசுத் தூதுப்பணியாளர், ஒருவர் கால்நடை மருத்துவர். அவர்கள் வண்டி வோல்கா. அதே இடத்துக்கு உரிமை கோரிக்கொண்டு இரு பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி திரைப்பட நடிகை. மற்றொருத்தி விலங்குகளைப் பழக்குபவள். அவர்கள் வண்டி ஜபரோஷெத்ஸ்.

இவ்விரண்டாம் வண்டியை அறிந்தால்தான் காட்சியின் நயம் விளங்கும். 1960இல் உக்ரைனின் ஜபரோஷியே நகரில் உற்பத்தியான ஜபரோஷெத்ஸ் 965, தோற்றத்தில் இத்தாலியின் ஃபியட் 600 வண்டியை ஒத்தது. பொறி பின்புறத்தில் இருந்தது. அது காற்றால் குளிர்விக்கப்படுவது. முதுகு வளைந்த அதன் உருவம் கண்டு மக்கள் அதனைக் 'கூனன்' என்று அழைத்தனர். அதன் விலை வோல்காவின் விலையில் பாதிக்கும் குறைவு. பெரிய வண்டியில் வந்த ஆடவர் மூவரும் சிறிய வண்டியில் வந்த மகளிர் இருவரிடம் இடத்தை இழக்கவும் நேர்கிறது, நெஞ்சை இழக்கவும் நேர்கிறது. கூனன் வோல்காவை வெல்கிறான்.

இப்படத்தில் வஞ்சனை இல்லை. வண்டி எவ்வாறு வந்தது என்று எவரும் கேட்பதும் இல்லை. கல்வி கற்ற இளையோர் நாடே தம்முடையது என்று நம்பிய ஒரு சிறு பொழுதின் பதிவு அது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த படங்களோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த நம்பிக்கையின் மதிப்பு தெரிகிறது.

சிரிப்பின் அடியில் ஒரு காயம்

1965இல் லியனீத் கைதாய் இயக்கிய 'ஆப்பரேஷன் ஒய்' படத்தை அவ்வாண்டில் ஏறத்தாழ 7 கோடிப் பேர் திரையரங்குகளில் கண்டனர். மூன்று கதைகள் கொண்ட அப்படத்தின் இறுதிக் கதையில் ஒரு கிடங்கின் பொறுப்பாளன் தன் களவை மறைப்பதற்காக, தணிக்கை வருமுன் ஒரு போலிக் கொள்ளையை நடத்த மூன்று பேரை அமர்த்துகிறான். கோழை, முட்டாள், அனுபவசாலி என்று பெயர் பெற்ற அம்மூவரையும் கியோர்கி வீத்ஸின், யூரி நிக்கூலின், யெவ்கேனி மர்குனோவ் ஆகியோர் நடித்தனர். களவை மறைக்கக் களவு என்பது மடன் என்னும் நிலைக்களனுக்குத் தக்க சான்று.

இம்மூவரும் வந்து இறங்கும் வண்டி எஸ்-3ஏ என்பது. இரண்டு பேர் அமரத்தக்க, துணிக்கூரை கொண்ட, மோட்டார் சைக்கிள் பொறியால் ஓடும் சிறு நான்கு சக்கர வண்டி. பருத்த உடல் கொண்ட மர்குனோவ் அதனுள்ளிருந்து வெளிவருவதே காண்போரைச் சிரிக்க வைத்தது. அவர் பெயராலேயே மக்கள் அவ்வண்டியை 'மர்குனோவ்கா' என்று அழைக்கத் தொடங்கினர். ஒரு நடிகரின் பெயர் ஒரு வண்டிக்கு மக்கள் வழக்கில் பெயரானது திரைப்பட வரலாற்றில் அரிதான நிகழ்ச்சி.

ஆனால் எஸ்-3ஏ கடையில் விற்ற வண்டியன்று. மாஸ்கோவுக்குத் தெற்கே செர்ப்புகோவ் நகரின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் 1958 முதல் 1970 வரை உடற்குறையுற்றோருக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. சமூக நலத்துறை வழியே ஒதுக்கீடு செய்யப்பட்டது. கால்களை இழந்தவர் கைகளாலேயே செலுத்தும் வகையில் அமைந்தது. அக்காலத்தில் அதைப் பெற்றவர்களில் பலர் 1941 முதல் 1945 வரை நடந்த பெரும்போரில் உறுப்பிழந்தோர். முடமானோர்க்கான வண்டியில் உடல் வலுத்த மூவர் களவுக்குச் செல்கிறார்கள். "இந்த வண்டி உனக்கு எவ்வாறு வந்தது?" என்னும் வினா இங்கு ஒரு சொல்லும் இன்றிக் கேட்கப்பட்டுவிட்டது.

இயக்குநர் கைதாய் யார் என்பதையும் இங்கு எண்ண வேண்டும். போர்முனையில் உளவுப்படை வீரராக இருந்த அவர் 1943இல் கண்ணிவெடியில் சிக்கிக் காலில் கடுங்காயமுற்றவர். அக்காயம் அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. நடிகர் நிக்கூலினும் போரின் தொடக்கம் முதல் இறுதி வரை படையில் பணிபுரிந்தவர். அவ்வண்டியைப் படத்தில் வைத்தவர்கள் வலியை அறியாதவர்கள் அல்லர். அறிந்தவர்களுக்கே அச்சிரிப்பின் மீது உரிமை இருந்தது. இன்று அப்படத்தைக் காண்போர் வேடிக்கையான பழைய வண்டி ஒன்றை மட்டுமே காண்கின்றனர். அன்று திரையரங்கில் இருந்தவர்களுக்கோ அடுத்த தெருவில் அதே வண்டியில் செல்லும் ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார்.

திருடனின் அறம்

இவ்வரிசையில் நடுநாயகமாக நிற்பது 1966இல் எல்தார் ரியசானவ் இயக்கிய 'மகிழுந்து, எச்சரிக்கை!' என்னும் படம். கதையை அவரும் எமில் பிராகின்ஸ்கியும் சேர்ந்து எழுதினர். முதலில் இதனைப் படமாக்க இசைவு கிடைக்கவில்லை. படம் பார்ப்போரெல்லாம் வண்டி திருடத் தொடங்கிவிடுவார்களோ என்று அதிகாரிகள் அஞ்சினர். எழுத்தாளர் இருவரும் அதனைக் குறுநாவலாக மாற்றி இதழ் ஒன்றில் வெளியிட்டனர். எழுத்தில் கிடைத்த வரவேற்பே பின்னர்த் திரைக்கு வழி திறந்தது. இலக்கியம் திரைப்படத்துக்குச் செய்த உதவிகளுள் இதனையும் சேர்க்கலாம்.

யூரி தியேத்தச்கின் காப்பீட்டு முகவர். கூச்சமும் நேர்மையும் மிக்கவர். ஆனால் வண்டி திருடுபவர். கையூட்டு வாங்குவோர், கள்ள வாணிகம் செய்வோர் ஆகியோரின் வோல்காக்களை மட்டுமே திருடுகிறார். அவற்றை விற்று வரும் பணத்தை ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களுக்கு அனுப்பிவிடுகிறார். பெயரிலேயே குறிப்பு இருக்கிறது. உருசிய மொழியில் குழந்தையைக் கொஞ்சி அழைக்கும் சொல்லிலிருந்து பிறந்த குடும்பப்பெயர் அது. பேதைமையை நகையின் நிலைக்களனாக வைத்த நம் மரபுக்கு இப்பாத்திரம் அயலானவன் அல்லன். உலகியல் அறியாத பேதையே உலகியலின் அழுக்கைக் காட்டிக்கொடுக்கிறான்.

அவரிடம் வண்டியைப் பறிகொடுக்கும் தீமா, தரகுக்கடை விற்பனையாளன். வெளிநாட்டுப் பொருள்களை மறைவாக மிகை விலைக்கு விற்றுப் பொருள் சேர்ப்பவன். வண்டி மனைவி பெயரில். ஊர்ப்புற மாளிகை மாமனார் பெயரில். சட்டப்படி அவனுக்கென்று எதுவும் இல்லை. உண்மையில் எல்லாம் அவனுடையவை. ஓய்வுபெற்ற படை அலுவலரான மாமனார் இதையே சொல்லிச் சொல்லி அவனைக் குத்துகிறார். வண்டியைக் காக்கத் தீமா என்னென்னவோ செய்கிறான். விலங்கு பிடிக்கும் இரும்புப்பொறியையும் வண்டிக்குள் வைக்கிறான். தியேத்தச்கினின் கால் அதில் சிக்கிக்கொள்கிறது. தன் உடைமையைக் காக்கத் தன் வண்டியையே காடாக்கிக்கொண்டவனைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அதே நேரத்தில் காலில் பொறியோடு வண்டியை ஓட்டிச் செல்பவனுக்காக மனம் பதைக்கிறோம்.

முன்னர்ச் சொன்ன அரசமைப்புச் சட்டம் இங்கு நினைவுக்கு வர வேண்டும். உழைப்பின் வருவாயால் வந்த உடைமையைச் சட்டம் காக்கும். தீமாவின் வண்டி உழைப்பின் வருவாய் அன்று. ஆயினும் அது அவன் மனைவி பெயரில் இருப்பதால் சட்டம் அதனைக் காக்கிறது. சட்டத்தின் எழுத்தும் சட்டத்தின் கருத்தும் பிரிந்து நிற்கும் இடத்தில் ஒரு பேதை புகுந்து கருத்தை நிலைநாட்ட முயல்கிறான். அதனால் குற்றவாளியாகிறான். அவனைத் துரத்தும் புலனாய்வாளரும் நேர்மையானவர். அவனுக்கு நண்பரும் ஆவார். இருவரும் ஒரே தொழில்சாரா நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் நடிக்கிறார்கள். ஹாம்லெட்டாகத் திருடன். அவ்வேடமிட்ட இன்னக்கேந்தி ஸ்மக்துனோவ்ஸ்கியே அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1964இல், கிரிகோரி கோசின்த்ஸெவ் இயக்கிய புகழ்பெற்ற 'ஹாம்லெட்' படத்தின் நாயகர். காலம் நெறி பிறழ்ந்து கிடக்கையில் அதனைச் செம்மைப்படுத்தத் தான்தான் பிறந்தோமா என்று கலங்கிய டென்மார்க்கு இளவரசன் மாஸ்கோவின் தெருக்களில் வோல்கா திருடுபவனாக வந்து நின்றான். நீதிமன்றத்தில் புலனாய்வாளர் அவனைக் குற்றவாளி என்றும் சொல்கிறார், குற்றவாளி அல்லன் என்றும் சொல்கிறார். இரண்டுமே உண்மை என்பதுதான் படத்தின் நெஞ்சம்.

இன்னும் ஒரு செய்தி. இப்படத்தில் சாலைக் காவலராக வருபவர் கியோர்கி ழ்ழோனவ். இவர் 1938இல் பொய்க் குற்றச்சாட்டில் கைதாகிக் கொலிமா உள்ளிட்ட இடங்களில் முகாம் வாழ்வையும் பின்னர் நாடுகடத்தலையும் அனுபவித்து, 1955இல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர். சட்டத்தின் பெயரால் வாழ்வின் இளமைக்காலம் முழுவதையும் இழந்த ஒருவர் சட்டத்தின் காவலராகச் சீருடை அணிந்து, கனிவு மாறா முகத்தோடு நிற்கிறார். திரையரங்கில் இதனை அறிந்தோரும் இருந்தனர், அறியாதோரும் இருந்தனர். சோவியத்து நகைச்சுவையின் அடர்த்திக்கு இத்தகைய ஊமை உண்மைகளே காரணம் எனலாம்.

படத்தின் முடிவும் கூர்ந்து நோக்கத்தக்கது. தியேத்தச்கினின் காதலி லூபா, டிராலி பஸ் எனப்படும் மின்கம்பிப் பேருந்தை ஓட்டுபவள். தண்டனைக்காலம் முடிந்து திரும்பும் அவர், தெருவில் அவள் ஓட்டும் பேருந்தைக் கண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று தாம் திரும்பி வந்துவிட்டதைச் சொல்கிறார். வோல்காக்களின் கதை பொதுமக்கள் ஏறும் ஒரு பேருந்தில் வந்து முடிகிறது. எவருக்கும் சொந்தமில்லாத வண்டியில்தான் அன்பு இருக்கிறது. இதனைப் படம் சொல்லவில்லை, காட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

தொங்கும் வண்டியும் இத்தாலிய வண்டியும்

1969இல் திரைக்கு வந்த கைதாயின் 'வைரக் கை' இன்னும் மிகுதியான மக்களைக் கவர்ந்தது. 7 கோடியே 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். வெளிநாட்டுச் சுற்றுலா சென்ற எளிய குடும்பத்தலைவர் ஒருவரின் கைக்கட்டுக்குள் கடத்தல்காரர்கள் தவறுதலாக வைரங்களை வைத்துக் கட்டிவிடுகிறார்கள். கோடி மதிப்புள்ள பொருளைச் சுமந்து திரிபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இறுதியில் கடத்தல் தலைவனின் மஸ்க்விச் வண்டியைக் காவல்துறையின் உலங்குவானூர்தி கம்பியில் கட்டி வானில் தூக்குகிறது. பின்பெட்டியில் அடைபட்டிருந்த நம் நாயகர் அங்கிருந்து கீழே விழுகிறார். கைக்கட்டு போய்க் காலில் கட்டு வருகிறது. 1940இன் படத்தில் நாயகியின் வண்டி தானாகவே விண்ணில் பறந்தது. இங்கும் வண்டி விண்ணில்தான் இருக்கிறது. ஆனால் கொக்கியில் தொங்குகிறது. இருபத்தொன்பது ஆண்டுகளில் கனவு அடைந்த மாற்றத்தை இவ்விரு காட்சிகளும் சொல்கின்றன.

இதற்கிடையே அரசின் கொள்கையும் மாறியது. 1966இல் இத்தாலியின் ஃபியட் நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. இத்தாலியப் பொதுவுடைமைத் தலைவர் பல்மிரோ தொலியாத்தியின் பெயரை 1964இல் பெற்றிருந்த வோல்காக்கரை நகரில் பெரும் ஆலை கட்டப்பட்டது. ஃபியட் 124 வண்டியை அந்நாட்டுச் சாலைகளுக்கும் கடுங்குளிருக்கும் ஏற்ப வலுப்படுத்தி 1970 முதல் 'ஷிகுலி' என்னும் பெயரில் செய்தனர். அதே ஃபியட் 124இன் உடலமைப்பைக் கொண்ட வண்டியை 1980களின் நடுவில் நம் நாட்டிலும் பிரீமியர் நிறுவனம் 118 என்.இ. என்று வெளியிட்டது. அவ்வண்டியைச் சென்னைச் சாலைகளில் கண்டவர்கள் ஷிகுலியின் உடன்பிறப்பைக் கண்டவர்களே ஆவர்.

1974இல் ரியசானவ் இத்தாலியக் கூட்டுறவோடு எடுத்த 'உருசியாவில் இத்தாலியரின் நம்பவியலாச் செயல்கள்' என்னும் படத்தில், லெனின்கிராதில் ஒரு சிங்கத்தின் அடியில் புதைந்துள்ள செல்வத்தைத் தேடி இத்தாலியர் சிலர் வருகிறார்கள். ஷிகுலியும் மஸ்க்விச்சும் ஒன்றையொன்று துரத்துகின்றன. எரிபொருள் நிலையம் ஒன்று வெடித்துச் சிதறுகிறது. விமானம் ஒன்று நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு நடுவே இறங்குகிறது. தம் நாட்டில் பிறந்த வண்டியில் அயல்நாட்டில் ஓடி அலைகிறார்கள் அவ்வித்தாலியர். வண்டி மிகுந்தது, பேராசையும் அதனோடு மிகுந்தது.

1977இல் அதே இயக்குநரின் 'அலுவலகக் காதல்' படத்தில் வண்டி மேலும் நுண்ணிய கருவியாகிறது. ஜெனீவாவில் பணிபுரிந்து திரும்பிய உயர் அலுவலர் தம் பழைய கல்லூரித் தோழரான எளிய புள்ளியியல் பணியாளரைத் தம் புதிய வோல்காவில் ஏற்றிக்கொள்கிறார். கையூட்டும் இல்லை, களவும் இல்லை. அருகருகே அமர்ந்த இருவருக்கு இடையே அவ்வண்டி ஏற்படுத்தும் தொலைவு மட்டும் இருக்கிறது.

வண்டியே இல்லாத வண்டிப்படம்

இவ்வரலாற்றின் இறுதிக் கண்ணி 1979இல் வந்த 'வண்டிக்கூடம்'. ரியசானவும் பிராகின்ஸ்கியும் எழுதியது. ரியசானவ் தாமே கலந்துகொண்ட ஒரு கூட்டத்தின் நினைவிலிருந்து பிறந்தது. ஓர் ஆய்வு நிறுவனத்தின் பணியாளர்கள் கூட்டுறவு முறையில் வண்டிக்கொட்டகைகள் கட்டிக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலை ஒன்று அவ்வழியே வரவிருப்பதால் நிலம் குறைகிறது. உறுப்பினர் நால்வரை நீக்க வேண்டும். யாரை? ஏறத்தாழ முழுப்படமும் பாடம் செய்யப்பட்ட விலங்குகள் நிறைந்த ஓர் அருங்காட்சிக்கூடத்துக்குள் ஓரிரவில் நடக்கிறது. முதலில் எளியோரும் பேசத் தெரியாதோரும் நீக்கப்படுகின்றனர். செல்வாக்கின் வழியே நுழைந்தவர்களின் பெயரை எவரும் எடுப்பதில்லை. மெலிந்த ஒரு பெண்மணி கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்துவிடுகிறார். நீதி கிடைக்காமல் எவரும் வீடு செல்ல இயலாது.

நீக்கப்பட்டோருள் ஒருவர் ஊர்ப்புறத்துப் பூர்வீக வீட்டை விற்று வண்டி வாங்கியவர். அவ்விழப்பை அவர் சொல்லும்போது அரங்கில் சிரிப்பு எழுகிறது. ஆனால் அச்சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. பிறந்த மண்ணை விற்று வாங்கிய வண்டியை நிறுத்த அவருக்கு இடமில்லை. கதை முழுதும் வண்டிகளைப் பற்றியது. வண்டிகளோ கண்ணில் படுவதே அரிது. அவற்றின் இடத்தில் மனிதர்களின் முகங்கள். செல்வாக்கினர் வெளியேற்றப்பட்ட பின் எஞ்சும் ஓர் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். வாதம் நடந்த இரவு முழுவதும் உறங்கிக்கொண்டே இருந்த ஒருவர் பெயருக்கு அச்சீட்டு விழுகிறது. அவ்வுறங்கும் பாத்திரத்தில் தோன்றுபவர் ரியசானவே. எள்ளலின் முனையைத் தம்மீதே திருப்பிக்கொண்ட அக்கலைஞரின் நேர்மை பாராட்டத்தக்கது.

நினைவும் மெருகும்

1991இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. காத்திருப்புப் பட்டியல்களும் மறைந்தன. கைதாய் 1993இலும் பிராகின்ஸ்கி 1998இலும் ரியசானவ் 2015இலும் காலமாயினர். அவர்கள் படங்களில் ஓடிய வண்டிகள் இன்று அரும்பொருள் திரட்டுவோரின் கைகளில் மெருகேறி நிற்கின்றன. பாயும் மான் பூண்ட வோல்காவும் கூனனும் மர்குனோவ்காவும் பழைமையின் இனிமையாகக் கொண்டாடப்படுகின்றன. அன்பினால் செய்வதை நாம் குறை சொல்லல் ஆகாது. ஆனால் மெருகு ஏற ஏற வினா மறைகிறது. மர்குனோவ்காவைக் கண்டு சிரிப்பவர் கால் இழந்தவரை மறந்தால், வோல்காவின் அழகைப் புகழ்பவர் தீமாவை மறந்தால், படம் எஞ்சும். அதன் அறம் எஞ்சாது.

பொருள்களைப் பாடும் கவிஞர்களுக்கு இவ்வரலாறு சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மகிழுந்தின் வண்ணத்தையும் வடிவையும் அப்படங்கள் பெரிதாக வருணிக்கவில்லை. அது யார் கையில் இருக்கிறது, எவ்வழியில் வந்தது, அதன்பொருட்டு எவர் எதை இழந்தார் என்பதையே காட்டின. அதனால்தான் இரும்பும் தகரமும் பேசின. நான்கு நிலைக்களன்களிலிருந்தும் நகை பிறந்தது. பிறந்த நகையின் அடியில் அழுகையும் இளிவரலும் இருந்தன. மெய்ப்பாடுகள் தனித்தனியே நிற்பன அல்ல என்று நாம் வகுப்பறையில் சொல்வதை அவர்கள் திரையில் காட்டினார்கள்.

"இந்த வண்டி உனக்கு எவ்வாறு வந்தது?" என்னும் வினா ஒரு நாட்டோடும் ஓர் ஆட்சியோடும் முடிந்துபோவதன்று. அதனைப் பகையின்றிக் கேட்கவும், கேட்கும் தன்னையும் விலக்கிக்கொள்ளாமல் கேட்கவும் வல்லது நகைச்சுவை ஒன்றே. அவ்வாறு கேட்ட கலைஞர்களின் படங்களைத் தேடிக் காணுமாறு வட்டத்தின் அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.